கலங்கல் போகும், சாயம் போகாது

குளுவாங்கில் கடல் இல்லை. கிழக்கே மெர்சிங் போக வண்டியில் ஒன்றரை மணி நேரம், மேற்கே பத்து பகாட் போக ஒரு மணி நேரம். ஊரைச் சுற்றி செம்பனை, நடுவில் லம்பாக் மலை, 1938-லிருந்து கோப்பி ஊற்றும் ரயில் நிலையக் கடை. இந்த ஊர்க்காரன் கடலைப் பற்றி எழுதுவதா என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் கடலுக்குப் போகும் தண்ணீரை முப்பத்தேழு வருடம் தினமும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஆய்வுக்கூட உதவியாளராக. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். காலை ஏழு மணிக்கு உள்ளே போனதும் முதல் வேலை குவளைச் சோதனை. ஆறு குவளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர். முதல் குவளையில் படிகாரக் கரைசல் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், இப்படி ஆறாவது வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மேலே ஆறு துடுப்புகள் ஒரே மோட்டாரில் சுற்றும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் பொடிப் பொடியாக ஏதோ தெரியும், அது பஞ்சு போலத் திரளும். துடுப்பை நிறுத்தினால் பஞ்சு முழுக்கக் கீழே இறங்கும். மேலே நிற்கும் தண்ணீர் எந்தக் குவளையில் நன்றாக இருக்கிறதோ, அந்த அளவுப் படிகாரம்தான் அன்றைக்கு ஆலைக்கு.

நான் சேர்ந்த புதிதில், மழை விட்ட ஒரு காலையில் ஆறு குவளையும் தெளிந்து நின்றன. பின்னால் இருக்கும் செய்தித்தாளின் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. ஆனால் ஆறும் தேயிலைச் சாயம் போல இருந்தன. ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன். அப்போதும் சாயம். என்னைப் பழக்கிய பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “கலங்கல் போகும் தம்பி, சாயம் போகாது. இது மேட்டுத் தண்ணி இல்ல, காம்புட் தண்ணி.”

காம்புட் என்பது மலாய்ச் சொல். மரமும் இலையும் வேரும் தண்ணீரில் ஊறியபடியே, மட்கி முடியாமல், ஆயிரக்கணக்கான வருடம் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த கறுப்பு மண். புத்தகத் தமிழில் கரிமண் என்பார்கள்; தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதிலிருந்து வடியும் தண்ணீர் புளிப்பாக இருக்கும், கையில் எடுத்தால் தெளிவாக இருக்கும், வாளியில் பார்த்தால் கறுப்பாக இருக்கும். குளுவாங்கிலிருந்து பத்து பகாட் சாலையில் போனால் வரும் ஊரின் பெயரே ஆயர் ஈத்தாம், அதாவது கறுப்புத் தண்ணீர். தொட்டாற்போல் வரும் ஊர்ப் பெயர்களில் பாதிக்கு முன்னால் ‘பாரிட்’ ஒட்டிக்கொண்டிருக்கும்: பாரிட் ராஜா, பாரிட் சூலோங். பாரிட் என்றால் வெட்டிய வாய்க்கால். கறுப்புத் தண்ணீர், அதை வடிக்க வெட்டிய கான். இந்த மாவட்டத்து வரலாறு பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது.

எங்கள் தொழிலில் கலங்கலுக்கு ஓர் அளவு, நிறத்துக்கு வேறு ஓர் அளவு. கலங்கலை என்.டி.யு. என்ற அலகில் கருவி சொல்லும். தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டு எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது. நிறத்துக்கு ஹேசன் அலகு. ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1892-ல் கொண்டுவந்தது. பிளாட்டினமும் கோபால்ட்டும் கலந்த மஞ்சள் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் கணக்கில், வீட்டுக்கு வரும் தண்ணீரில் கலங்கல் 5-ஐயும் நிறம் 15-ஐயும் தாண்டக் கூடாது. ஆலைக்குள் வரும் ஆற்று நீருக்கே 1000, 300 என்று உச்ச வரம்பு உண்டு. சாயத்தைப் பிடிக்க படிகாரத்தைக் கூட்டி, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை ஆறுக்குக் கீழே இறக்கி, பிறகு சுண்ணாம்பு போட்டு ஏற்றி, படாத பாடு படுவோம். விட்டுவிடவும் முடியாது. அந்தச் சாயத்தோடு குளோரின் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டாகும்.

இதெல்லாம் குழாய்க்குப் போகும் தண்ணீருக்கு. நாங்கள் எடுத்தது ஆற்றில் ஒரு பங்குதான். மீதித் தண்ணீர் தன் சாயத்தோடு எங்கள் வேலியை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு செய்திதான் யோசிக்க வைத்தது.

2025 மே மாதம் வந்த செய்தி அது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் தாமஸ் டேவிஸ், பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தின் டிம் ஸ்மித் ஆகிய இருவர், நாசா துணைக்கோளங்கள் எடுத்த கடல் நிறப் படங்களை வைத்து 2003-லிருந்து 2022 வரை கணக்குப் போட்டார்கள். உலகக் கடற்பரப்பில் 21 விழுக்காடு, 75 மில்லியன் சதுர கிலோமீட்டருக்கு மேல், இருண்டிருக்கிறது. இருண்டது என்றால் மேலே நின்று பார்க்கும்போது கறுப்பாகத் தெரிகிறது என்று அர்த்தமில்லை. வெயிலும் நிலவும் உள்ளே இறங்கும் ஆழம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். 32 மில்லியன் சதுர கிலோமீட்டரில் இந்த ஆழம் 50 மீட்டருக்கு மேல் மேலேறிவிட்டது. மலேசியாவைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு பரப்பு. சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல். மறுபக்கமும் உண்டு: கடலில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் கூடியிருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லாத செய்தியை நம்பாதீர்கள்.

நடுக்கடலில் இது ஏன் நடக்கிறது என்பதற்கு, நீர் சூடாவது, மிதக்கும் நுண்பாசிகளின் போக்கு மாறுவது என்று காரணம் தேடுகிறார்கள். கரையோரத்துக் கதை வேறு. அங்கே குற்றவாளிகள் மூன்று பேர், மூவரும் ஆற்றில் வருகிறவர்கள். ஒன்று மண். இரண்டு உரம்; அது கடலில் பாசியைப் பெருக்கி, பச்சைத் திரை போட்டுவிடும். மூன்றாவது சாயம்.

மூன்றாவது ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

மண்ணையும் சாயத்தையும் நம்மூர்க் கடைப் பேச்சில் சொன்னால் தே தாரேக்கும் கோப்பி ஓவும். தே தாரேக்கில் பால் துகள்கள் மிதக்கின்றன, ஒளியைச் சிதறடிக்கின்றன. கோப்பி ஓவில் மிதப்பது எதுவுமில்லை. கரைந்திருப்பது ஒளியை விழுங்குகிறது. அதிலும் இந்தச் சாயத்துக்கு ஒரு நாக்கு ருசி இருக்கிறது. புற ஊதாக் கதிரையும் நீலத்தையும்தான் முதலில் விழுங்கும். கடலிலோ, சிவப்பு வெளிச்சம் மேலே சில மீட்டரிலேயே தீர்ந்துபோகும். ஆழம் வரை இறங்கக்கூடியது நீலம்தான். சுத்தமான நடுக்கடலில் அது 200 மீட்டர் வரை போகும். ஆழத்துக்குப் போகத் தெம்புள்ள ஒரே நிறத்தை வாசலிலேயே மடக்கிப் பிடிக்கிறது காம்புட் சாயம்.

ஆற்றுமுகத்தில் நடப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடலும் குவளைச் சோதனை செய்கிறது! ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சாகத் திரண்டு கீழே உட்காருகின்றன. படிகாரம் செய்கிற வேலையை உப்பு செய்கிறது. அதனால்தான் ஆற்றுமுகத்தில் சேறு. சாயத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் அப்படித் திரளும். பெரும் பங்கு கரைந்தபடியே கடலுக்குள் போய்விடும். பெரியவர் சொன்னது ஆலைக்கு மட்டுமான பாடம் இல்லை.

போன புரட்டாசியில் இதை நேரில் பார்க்கவென்றே எண்டாவ் போனேன். ஏன் எண்டாவ் என்றால், குளுவாங் ஒரு முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். டவுனுக்குள் ஓடும் மெங்கிபோல் ஆறு செம்புரோங்கில் சேர்ந்து, எண்டாவ் ஆறாகத் தென் சீனக் கடலுக்குப் போகிறது. ஆயர் ஈத்தாம் பக்கம் பெய்யும் மழை பத்து பகாட் ஆறு வழியாக மலாக்கா நீரிணைக்குப் போகிறது. மாச்சாப் பக்கத்துத் தண்ணீர் பெனுட் ஆற்றில் இறங்கி அதே நீரிணையில் விழுகிறது. மேற்கே போகிற பக்கமும் செம்புரோங் என்றே ஓர் ஆறு உண்டு. அந்தக் காலத்தில் ஒரு செம்புரோங்கிலிருந்து இன்னொரு செம்புரோங்குக்குப் படகைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் தீபகற்பத்தைக் கடந்திருக்கிறார்கள். ஒரே மாவட்டத்து மழை இரண்டு கடலுக்குப் போகிறது என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

கூட வந்தது என் மனைவியின் தம்பி. செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர். காஹாங், ஜெமாலுவாங் தாண்டும் வரை ஒரே முனகல். “இறால் ஊருக்குப் புரட்டாசில கூட்டிட்டுப் போறீங்களே மச்சான், இது நல்லா இருக்கா?” பின் இருக்கையில் இருந்ததைப் பார்த்த பிறகு முனகல் அதிகமாகிவிட்டது. அது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. நடுவில் ஓட்டை போட்டு, கீழே ஈயக் குண்டு கட்டி, மேலே நைலான் கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு. “சோத்துத் தட்ட கடல்ல போடுறதுக்கா இவ்ளோ தூரம்?”

சோற்றுத் தட்டுக்குப் பெரிய வம்சாவளி உண்டு. 1865 ஏப்ரலில் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, போப்பாண்டவரின் நீராவிக் கப்பலில் ஏறி மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். தட்டு கண்ணிலிருந்து மறைகிற ஆழம் எவ்வளவோ அதுதான் அந்தக் கடலின் தெளிவு. அவ்வளவுதான் கருவி. இன்றும் உலகம் முழுக்க செக்கித் தட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. துணைக்கோளம் வருவதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய கடலின் வெளிச்சம் நமக்குத் தெரிகிறதென்றால் அந்தத் தட்டுகளின் புண்ணியம். தட்டு மறையும் ஆழத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரைதான் செடி வாழப் போதுமான ஒளி இருக்கும் என்பது தோராயக் கணக்கு.

எண்டாவ் படகுத் துறையில் படகோட்டும் ஒரு பாக் சிக்கை, மலாய்ப் பெரியவரை, பிடித்துப் பேசி, சம்பானில் ஏறினோம். ஆற்றுமுகத்துக்குச் சற்று உள்ளே முதல் முறை தட்டை இறக்கினேன். நான் எதிர்பார்த்தது, கலங்கல் தண்ணீரில் எதைப் போட்டாலும் நடப்பது போல, தட்டு மங்கலாகி மறையும் என்று. அப்படி நடக்கவில்லை. சற்று இறங்கியதும் வெள்ளை மஞ்சளாயிற்று. அரை முழத்தில் பித்தளை நிறம். ஒரு முழத்தில் செம்புத் தட்டு. விளிம்பு மட்டும் துல்லியமாகத் தெரிகிறது, யாரோ சுவாமி அறையிலிருந்து எடுத்து வந்த தாம்பாளம் மாதிரி. இன்னும் கொஞ்சம் இறக்கினேன், அணைகிற தணல் போல ஒரு சிவப்பு. இரண்டாவது முடிச்சு நனைந்தபோது ஒன்றும் இல்லை. மச்சானே முனகலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பாக் சிக்குக்கு எங்களைப் பார்த்து வேடிக்கையாக இருந்தது. “ஆயர் பாயா,” என்றார். சதுப்புத் தண்ணீர். மழைக்குப் பிறகு இது வெளியே எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் படகைக் கடல் பக்கம் விட்டார். ஓரிடத்தில் நிறுத்திக் கையைக் காட்டினார். தண்ணீரில் கோடு கிழித்தாற்போல் இருந்தது. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை, நடுவில் நுரையும் நீப்பா ஓலையும் ஒரு மிதியடியும். கோட்டைத் தாண்டி இறக்கியபோது தட்டு ஆறு முடிச்சு வரை வெள்ளையாகவே கண்ணில் நின்றது.

இந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எண்டாவ் ஆற்றின் சாயம் முழுக்க மனிதன் செய்த கேடு இல்லை. மேலே எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குள்ளேயே ஓடைகள் தேநீர் நிறம்தான். ஆற்றுக்கு வடக்கே பகாங்கின் தென்கிழக்கில் பெரிய காம்புட் காடு இன்னும் நிற்கிறது. கறுப்புத் தண்ணீர் இயற்கை. அதற்கென்றே பழகிய மீன்கள் இருக்கின்றன. கேள்வி, முன்பு சொட்டுச் சொட்டாய் வந்த சாயம் இப்போது எவ்வளவு வருகிறது, எத்தனை வயதுச் சாயம் வருகிறது என்பதுதான்.

சாயத்துக்கு வயது உண்டு. கலிமந்தானில் எடுத்த ஆய்வு ஒன்று 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காடு கலையாத காம்புட்டிலிருந்து ஆற்றில் வரும் கரிமம் புதியது, போன வருட இலைச் சருகின் சாறு மாதிரி. காட்டை வெட்டி, கான் வெட்டி, தண்ணீரை வடித்த காம்புட்டிலிருந்து வருவதோ நூறு, ஆயிரம் வருடப் பழையது. அளவும் பாதிக்குப் பாதி கூடுதல். காரணம் எளிது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை காம்புட் ஊறுகாய். காற்றுப் பட்டால் கெட ஆரம்பிக்கும். கெட்டது மழையில் கரைந்து கானில் இறங்கும்.

மேற்கு ஜொகூரில் நடந்தது இதுதான். உலக வங்கிக் கடனோடு 1974-ல் ஆரம்பித்த மேற்கு ஜொகூர் ஒருங்கிணைந்த விவசாயத் திட்டம், பொந்தியானிலிருந்து பத்து பகாட் வரை கான்களையும் அணைக்கரைகளையும் மடைகளையும் போட்டது. சதுப்பு வயிற்றுப்பாட்டு நிலமாக மாறியது. அன்னாசி, தென்னை, கோப்பி, பிறகு செம்பனை. நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை. என் அப்பா கித்தா மரம் வெட்டியவர். ரப்பர் விழுந்தபோது எங்கள் லயத்தில் அடுப்பை எரிய வைத்தது செம்பனை.  ஆனால் கணக்கு கணக்குதான். வடித்த காம்புட் நிலம் மேற்கு ஜொகூரில் வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் அளவில் தாழ்ந்துகொண்டே போனதை அளந்து எழுதியிருக்கிறார்கள். பொந்தியான் பக்கம் செம்பனைகள் வேரைக் காட்டிக்கொண்டு, குடிகாரன் போலச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் உயரவில்லை, தரை இறங்கியது. இறங்கிய தரையில் பாதிக்கு மேல் வாயுவாகக் காற்றில் போனது. ஒரு பங்கு சாயமாகக் கடலுக்குப் போனது.

தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ மூன்றையும் சேர்த்து, காம்புட் நிலத்தில் கை படாத காடு 2015-ல் வெறும் 6 விழுக்காடு.

சரி, சாயம் கடலுக்குப் போனால் என்ன? இதற்கு நல்ல பதில் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மார்ட்டினும் அவர் குழுவும் 2017-லிருந்து குசு தீவு, ஹந்து தீவு ஆகிய இடங்களில் மாதம் தவறாமல் கடல் நீரை எடுத்துச் சோதித்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, நீரோட்டம் சுமத்ராப் பக்கமிருந்து வரும். அப்போது சுமத்ராவின் காம்புட் சாயமும் சேர்ந்து வந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் தென் சீனக் கடல் நீர் வந்ததும் சாயம் குறையும். சாயம் ஏறும் மாதங்களில் பவளத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தின் ஆழம் மீட்டர் கணக்கில் மேலேறுவதை அளந்தார்கள். நீல நிறம் பறிபோவதையும்தான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள், அது எனக்குப் புதிது. சுமத்ராவிலிருந்து கிளம்பும் அந்தக் கரைந்த கரிமத்தில் 60-லிருந்து 70 விழுக்காடு, சிங்கப்பூர் வந்து சேருவதற்குள்ளேயே வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் சிதைந்து கரியமில வாயுவாகிவிடுகிறது. அந்த வாயு கடல் நீரைப் புளிக்க வைக்கிறது. பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவது கடினமாகிறது. சாயமாக இருந்தால் இருட்டு, சாயம் சிதைந்தால் புளிப்பு. பவளத்துக்கு எந்தப் பக்கம் போனாலும் இடிதான். வடமேற்கு போர்னியோக் கரையோரத்தில் 2002-லிருந்து 2021 வரையான துணைக்கோளப் படங்களை இதே குழு பார்த்தபோது, கரைந்த கரிமம் வருடா வருடம் கூடிவந்திருப்பதும், அது காம்புட் நிலங்கள் தோட்டமானதோடு பொருந்துவதும் தெரிந்தது. அந்த ஆய்வு 2022-ல் வெளியானது.

சிங்கப்பூர்க் கடலில் 1960-களில் பத்து மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்ததாம்; இப்போது இரண்டு மீட்டர். இதில் சாயத்தை விட, நிலம் மீட்கக் கொட்டிய மண்ணின் பங்கு பெரிது. அங்கே பவளப் பாறைகளைப் பல வருடம் தொடர்ந்து எண்ணியவர்கள் ஒன்று கவனித்தார்கள்: மூன்று நான்கு மீட்டர் ஆழத்துப் பவளம் அடிபட்டாலும் திரும்ப எழுந்தது, ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருந்தது எழவில்லை. அடி மாடியில் விளக்கு அணைந்துவிட்டது, குடியிருப்பு மேல் மாடியில் மட்டும் மிஞ்சியது. பவளத்தின் எலும்புக் கூட்டிலேயே இந்தக் காம்புட் சாறு சிக்கிக்கொள்ளும். கூட்டை அறுத்து புற ஊதா விளக்கில் பார்த்தால் வரி வரியாக ஒளிரும்; எந்தக் காலத்தில் ஆறு அதிகம் வந்தது என்று மர வளையம் மாதிரி படிக்கலாம்.

ஜொகூர்க்காரர்களுக்குப் பவளத்தை விட நெருக்கமானது கடற்புல். புல் என்றால் நிஜப் புல். பூக்கும், வேர் விடும், கடலடியில் மைதானமாய்ப் படரும். இதற்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் சராசரியாக 11 விழுக்காடாவது கீழே வந்து சேர வேண்டும். நுண்பாசிக்கு ஒரு விழுக்காடு போதும். அதனால் தண்ணீர் கறுக்கும்போது முதலில் சாகிறது புல்தான். மெர்சிங்குக்கு எதிரே சீபு தீவையும் திங்கி தீவையும் சுற்றி இந்தப் புல்வெளிகள் இருக்கின்றன. தீபகற்பத்தில் ஆவுளியாக்கள் கூடும் முக்கியமான இடம் அது. மலாய்க்காரர் டுயோங் என்பதும், தமிழ்நாட்டுப் பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்பதும், பள்ளிப் புத்தகம் கடற்பசு என்பதும் ஒன்றே. தமிழ்நாடு 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென ஒதுக்கியது. இங்கே லூயிசா பொன்னம்பலமும் அவரது மேர்செட் அமைப்பும் பல வருடமாக வானிலிருந்து எண்ணி, இந்தத் தீவுகளின் அருமையை வெளியே கொண்டுவந்தார்கள். ஆவுளியா புல் தவிர வேறு எதையும் பெரிதாகத் தின்னாது. புல் போனால் அதுவும் போகும். தென்மேற்கு மூலையில், கேலாங் பாத்தாவுக்கு அருகே மெரம்போங் புல்வெளியின் நடுவே 2014-ல் நிலமீட்பு நடந்தபோது எழுந்த கூச்சலுக்குக் காரணமும் இதே புல்தான்.

மீனுக்கு வேறு சிக்கல். மீன் கண்ணால் வேட்டையாடுகிறது. சொறி மீனுக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, கண் வேண்டாம். இழையில் எது பட்டாலும் சாப்பாடு. நார்வேயின் லூரே ஃபியோர்டு என்ற கடல்வாயில், நீர் கறுத்திருப்பதால் மீன் குறைந்து ஆழ்கடல் ஜெல்லி மீன் ராஜ்யம் நடத்துகிறது என்று டாக் அக்ஸ்னஸ் முதலியோர் காட்டியிருக்கிறார்கள். வட கடலில் நூறு வருடத் தட்டு அளவுகளைப் பார்த்தவர்கள், நீர் மங்கியதால் வசந்த கால நுண்பாசிப் பெருக்கு மூன்று வாரம் வரை தள்ளிப்போயிருக்கலாம் என்று 2019-ல் எழுதினார்கள். பாசி தள்ளிப்போனால் அதைத் தின்னும் குஞ்சு பட்டினி. பாக் சிக்கிடம் ஜெல்லி மீனைப் பற்றிக் கேட்டேன். “உபோர்-உபோரா? வலையில நிறைய வருது,” என்றார். அதைக் கடலின் இருட்டோடு முடிச்சுப் போட எனக்குத் துணிவில்லை. அளவு மீறிய மீன்பிடிப்பும் அதற்குக் காரணமாகலாம்.

இருட்டால் ஒரு சின்ன நன்மைகூட உண்டு. கடல் கொதிக்கும் வருடங்களில், கலங்கிய நீரில் இருக்கும் பவளம் சில இடங்களில் கடும் வெயிலுக்குத் தப்பித்து வெளுக்காமல் இருந்திருக்கிறது. குடை பிடித்த மாதிரி. ஆனால் வருடம் முழுக்கக் குடைக்குள்ளேயே இருக்கச் சொன்னால் எந்தச் செடி வளரும்?

2015 கடைசியில் குவாந்தான் கரையோரம் பாக்சைட் மண்ணால் கடல் ரத்தச் சிவப்பானது. நாடே கொதித்தது, 2016 ஜனவரியில் சுரங்க வேலையை நிறுத்தி வைத்தார்கள். சிவப்பு கண்ணில் குத்தியது, அதனால் கேட்க ஆள் வந்தது. தேயிலை நிறத்துக்கு யார் கேட்பார்? அது பிறந்ததிலிருந்து அப்படித்தானே இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். குழாய்த் தண்ணீரின் நிறம் 15 ஹேசனைத் தாண்டினால் என்னைப் போல ஓர் ஆள் தூக்கத்திலிருந்து எழுப்பப்படுவான். ஆற்றுமுகத்தைத் தாண்டிய பிறகு அந்தத் தண்ணீரின் நிறத்துக்குக் காவல்காரன் இல்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

செய்ய முடியாததா? கான் வெட்டியவனுக்கு மடை போடவும் தெரியும். காம்புட் தோட்டத்தில் கானை இடையிடையே தடுத்து, நிலத்தடி நீரைத் தரையிலிருந்து அரை மீட்டருக்குள் நிறுத்தி வைத்தால் மண் கெடுவது குறையும், தாழ்வதும் குறையும், தீப்பிடிப்பதும் குறையும். பெரிய தோட்டங்கள் இப்போது அளவுக் குச்சி நட்டு எழுதி வைக்கின்றன. நிலையான செம்பனைக்கான வட்டமேசை அமைப்பு, 2018 நவம்பருக்குப் பிறகு புதிதாகக் காம்புட்டில் நடுவதையே தன் உறுப்பினர்களுக்குத் தடுத்துவிட்டது. சிக்கல் சிறு நிலக்காரரிடம் இருக்கிறது. நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் மடையை மூடினால் பக்கத்து நான்கு ஏக்கர் முழுகும். 2006 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் வடியாத தண்ணீரையும் பார்த்தவரிடம் போய் “தண்ணீரை நிறுத்தி வை” என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், மச்சானின் மாமனாரிடம். அவருக்கு சிம்பாங் ரெங்கம் பக்கம் அன்னாசி. “நீங்க குழாய்த் தண்ணிய மட்டும் பாருங்க தம்பி,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், போகும்போது இரண்டு அன்னாசியும் கொடுத்தார்.

எண்டாவிலிருந்து திரும்பும்போது இரண்டு பாட்டிலில் ஆற்றுமுகத் தண்ணீர் எடுத்து வந்தேன். ஒன்று சமையலறை அலமாரிக்குள், ஒன்று பின்கட்டுச் சுவர் மேல் வெயிலில். இரண்டிலும் இரண்டே நாளில் மண் அடியில் படிந்துவிட்டது. விரல் நகம் கனம்கூட இல்லை. வெயிலில் இருப்பது வாரத்துக்கு வாரம் வெளுத்து, இப்போது எலுமிச்சைச் சாறு நிறத்துக்கு வந்திருக்கிறது. அலமாரியில் இருப்பது அன்றைக்கு எடுத்த மாதிரியே நிற்கிறது. போன வாரம் ரசம் வைக்கப் புளித்தண்ணி என்று நினைத்து என் மனைவி அதைக் கையில் எடுத்துவிட்டாள். மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் எத்தனை நாளைக்கு இதை வச்சிருக்கப் போறீங்க?” என்றாள். மழைக்காலம் முடியட்டும் என்றேன். மெங்கிபோல் ஆற்றில் ஒரு பாட்டில் பிடித்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.